தஃப்ஸிராவும் பேரேடும்

தஃப்ஸீர் என்னும் சொல்லை அறியாத முஸ்லிம் இல்லை. மறைபொருளை விரித்து விளங்கச் செய்வது தஃப்ஸீர். அதே வேரிலிருந்து பிறந்த 'தஃப்ஸிரா' என்னும் மற்றொரு சொல்லையும் அரபு அகராதிகளைப் புரட்டுவோர் காண்பர். நோயை அறியும்பொருட்டு மருத்துவர் பார்வையிடும் சிறுநீருக்கு முன்னோர் இட்ட பெயர் அது. உடலின் உள்ளே மறைந்திருப்பதை அது விளக்கிச் சொல்வதால் அப்பெயர் பெற்றது. அந்நீரை ஏந்தும் கண்ணாடிக் குப்பிக்குக் 'காரூரா' என்று பெயர். நாளடைவில் குப்பியின் பெயரே அதில் உள்ள நீருக்கும் ஆகிவந்தது. யூனானி ஹகீம்கள் இன்றும் அச்சொல்லையே வழங்குகின்றனர்.

மதரஸாவில் சேர்ந்த மாணவன் ஃபிக்ஹில் முதலாவதாக ஓதுவது தூய்மையைப் பற்றிய பாடம். சிறுநீர் நஜீஸ்; உடையில் பட்டால் கழுவாமல் தொழலாகாது என்று அவன் கற்கிறான். இவ்வாறு விலக்கி வைக்கப்பட்ட ஒன்றையே அதே சமுதாயத்தின் மருத்துவப் பேரறிஞர்கள் குப்பியில் ஏந்தி, வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்து, 'இது உடலுக்குத் தலீல்', அதாவது சான்று, என்றனர். இவ்விரண்டுக்கும் இடையே முரண் எதையும் அவர்கள் காணவில்லை. வணக்கத்துக்குத் தூய்மை வேண்டும். உயிரைக் காக்கச் சான்று வேண்டும். இவ்வளவே அவர்கள் கண்ட நியாயம்.

இந்தப் பழஞ்செய்தியை இன்று எடுத்துரைக்கக் காரணம் உண்டு. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பெரியவர் ஒருவர், என்னிடம் ஓதிய மாணவரின் தந்தை, ஒருநாள் மடித்த சீட்டு ஒன்றுடன் வந்தார்.

"ஹஜ்ரத், இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

சிறுநீரில் புரதம் மிகுதியாக இறங்குவதாகச் சீட்டு சொல்லிற்று. இரத்தத்தில் கிரியாட்டினினும் உயர்ந்திருந்தது.

"இதுக்கு முந்திப் பாத்ததுண்டா, பாய்?"

"ரெண்டு மூணு தடவை பாத்திருக்கேன் ஹஜ்ரத். லேசா இருக்கு, பயமில்லைன்னாங்க. அந்தச் சீட்டெல்லாம் எங்க போச்சோ!"

அவர் இப்போது வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்று வருகிறார். 'எங்க போச்சோ' என்ற அந்தச் சொல் என் மனத்தைவிட்டு அகலவில்லை. சான்று மும்முறை வந்திருக்கிறது. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்ப்பார் இல்லை. சிறுநீர்ச் சோதனையின் நெடிய வரலாற்றைப் படித்துப் பார்த்தால், மனிதகுலம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட பாடமும் இதுவே என்பது புலனாகும்.

கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ மொழிகளில், சிறுநீரின் மேல் குமிழிகள் தோன்றினால் அது சிறுநீரக நோயைக் காட்டும், அந்நோய் நெடுநாள் நீளும் என்னும் கருத்து உண்டு. புரதம் கலந்த நீர் நுரைக்கும் என்பது இன்று யாவரும் அறிந்ததே. நோய் நீளும் என்றும் அம்முன்னோர் கண்டிருந்தனர் என்பதே வியப்புக்குரியது. பாக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 260இல் (கி.பி. 873) மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் இந்நூலை 'அல்-ஃபுஸூல்' என அரபியாக்கினார். கைரவானில் பாத்திமிய்ய ஆட்சியாளரிடம் மருத்துவராயிருந்த யூத அறிஞர் இஸ்ஹாக் அல்-இஸ்ராயீலீ சிறுநீரைப் பற்றியே தனியொரு நூல் யாத்தார். 11ஆம் நூற்றாண்டில் அது லத்தீன் மொழிக்குச் சென்று, பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவ மாணவர்களின் பாடநூலாய் விளங்கிற்று.

ஷைகு இப்னு ஸீனா (மறைவு: ஹிஜ்ரி 428, கி.பி. 1037) தம் 'அல்-கானூன்' நூலின் முதற் பகுதியிலேயே சிறுநீருக்கு விரிவான இடம் தந்துள்ளார். நிறம், அடர்த்தி, தெளிவும் கலங்கலும், அடியில் படிவது, அளவு, மணம், நுரை என ஏழு கூறுகளை ஆராய வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அவற்றைவிட அருமையானவை அவர் விதித்த நிபந்தனைகள். காலையில் எழுந்ததும் கழியும் நீராய் இருக்கவேண்டும். நிறம் ஏற்றும் உணவை அதற்கு முன் உண்டிருத்தல் ஆகாது. கடும் உழைப்பு, உறக்கமின்மை, பட்டினி, சினம் ஆகியவற்றின் பின் எடுத்த நீர் உண்மை சொல்லாது. குப்பி தூயதாகவும் தெளிந்ததாகவும் இருக்கவேண்டும். வெயிலும் காற்றும் படாமல் வைத்துக் காலம் தாழ்த்தாது பார்க்கவேண்டும்.

ஹதீஸ்கலை கற்றோருக்கு இது புதிதன்று. அறிவிப்பாளரின் நிலை தெரியாமல் அறிவிப்பை ஏற்பதில்லை அல்லவா? சாட்சியம் வந்த சூழ்நிலையை ஆராயாமல் சாட்சியத்தை ஏற்கலாகாது என்பதே இங்கும் விதி. இன்றைய சிறுநீரக மருத்துவர்களும் காலை முதல் நீரையே சிறந்ததென்கின்றனர். காய்ச்சல், கடும் உழைப்பு, சிறுநீர்த்தாரைத் தொற்று, மாதவிடாய் ஆகியவற்றின்போது எடுத்த நீரில் புரதம் மிகுந்து காட்டக்கூடும் என எச்சரிக்கின்றனர். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் நிபந்தனைகள் பெரிதும் மாறவில்லை.

ஆயினும் நம் கருத்துக்கு மிக நெருங்கியவர் இப்னு ஸீனாவுக்கும் முந்தைய அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ (மறைவு: கி.பி. 925). நோயாளி ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பெழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவரைப் பற்றிய அவர் குறிப்பு புகழ்பெற்றது. அம்மனிதருக்குக் காய்ச்சல் முறைதவறி வந்து வந்து போகும். அடிக்கடி சிறுநீர் கழியும். முறைக்காய்ச்சலாக மாறுமோ, சிறுநீரகத்தில் புண்ணோ என ராஸீ இருமனப்பட்டார். சிலநாளில் சிறுநீரில் சீழ் இறங்கிற்று. நோய் சிறுநீரகத்தில்தான் என்று துணிந்தார். இனிக் காய்ச்சல் வராது என்றும் கூறினார். அவ்வாறே ஆயிற்று. நீர் தெளியும் வரை அதைக் கண்காணித்து மருந்து கொடுத்து நோயைத் தீர்த்தார்.

இக்குறிப்பில் ராஸீ தம் திறமையைப் பாராட்டிக்கொள்ளவில்லை. முன்பே துணியத் தமக்குத் தடையாயிருந்தவற்றை எழுதி வைத்தார். எழுந்து நிற்கையில் இடுப்பில் பாரம் தொங்குவதுபோல் இருக்கிறதா என நோயாளியை அவர் கேட்கத் தவறினார். நோயாளியின் தந்தைக்குச் சிறுநீர்ப்பை பலவீனம் இருந்ததும், நலமாயிருந்த காலத்திலேயே நோயாளிக்கும் அடிக்கடி நீர் கழிந்ததும் அவருக்குத் தெரியாமல் இருந்தது. முந்தைய நிலை தெரியாததால் இன்றைய அடையாளத்தின் எடை தெரியவில்லை என்பதே அவ்வொப்புதலின் சாரம். சிவகாசிப் பெரியவரின் காணாமற்போன சீட்டுகளும் ராஸீக்குக் கிட்டாத அந்த முந்தைய நிலையும் ஒன்றே.

நம் தமிழ் மருத்துவமும் இத்துறையில் பின்தங்கியதன்று. சித்தர்கள் வகுத்த எண்வகைத் தேர்வில் மூத்திரம் ஒன்று. நிறம், எடை, மணம், நுரை, அளவு ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. நீரின்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் வடிவைப் பார்ப்பது நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வட்டமிட்டால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்பர். தேரையர் பெயரால் இதற்குத் தனி நூலே உண்டு. காலை நீரையே கொள்ளவேண்டும் என்பதில் சித்தரும் ஹகீமும் ஒருமுகப்படுகின்றனர்.

இத்தனை நுட்பம் இருந்தும் பழைய முறைக்குக் குறை இருந்தது என்பதை மறைத்தலாகாது. கண்ணால் கண்டதை எண்ணால் குறிக்க அவர்களிடம் கருவி இல்லை. 'சற்றே நுரை', 'மிகுந்த நுரை' என்ற சொற்களை வைத்து இவ்வாண்டையும் மறு ஆண்டையும் ஒப்பிட இயலாது. மேலும் குப்பியை ஒருமுறை பார்த்தே அனைத்தையும் சொல்லிவிடலாம் என்ற மயக்கம் பரவிற்று. ஐரோப்பாவில், நோயாளியைப் பாராமலே குப்பியை மட்டும் பார்த்து ஆரூடம் சொல்லும் போலிகள் பெருகினர். 1637இல் இங்கிலாந்தில் தாமஸ் பிரையன் என்பவர் இவர்களைச் சாடித் தனிநூல் எழுதும் அளவுக்கு நிலைமை சீர்கெட்டது.

திருப்பம் லண்டன் கைஸ் மருத்துவமனையில் நேர்ந்தது. 1827இல் ரிச்சர்ட் பிரைட் என்னும் மருத்துவர், உடல் வீங்கி இறந்தவர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்து, அவர்கள் வாழ்ந்தபோது கழித்த நீரில் புரதம் இருந்ததையும் இணைத்துக் காட்டினார். சோதனை மிக எளியது. ஒரு கரண்டியில் நீரை எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால், முட்டையின் வெண்கரு இறுகுவதுபோல் புரதம் வெளுத்துத் திரையும். 1842இல் அங்கே சிறுநீரக நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகளும் ஓர் ஆய்வுக்கூடமும் ஒதுக்கப்பட்டன. ஒரே நோயாளியைத் தொடர்ந்து கவனித்து எழுதும் மரபு அங்கே வேரூன்றிற்று.

அதே மருத்துவமனையில், 136 ஆண்டுகளுக்குப் பின், 1963இல் ஹாரி கீனும் அவர் துணைவர்களும், கரண்டிச் சோதனைக்குச் சிக்காத நுண்ணளவு ஆல்புமினையும் அளக்கும் முறையைக் கண்டனர். 1966-67இல் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவுக்காரர் 87 பேரின் நீரை அளந்து எழுதிவைத்தனர். பதினான்கு ஆண்டு கழித்து, உயிருடனிருந்த 63 பேரைத் தேடிப் பார்த்தனர். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 30 மைக்ரோகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் கழித்த 55 பேரில் இருவருக்கே வெளிப்படையான புரதக்கழிவு நேர்ந்திருந்தது. 30 முதல் 140 வரை கழித்த 8 பேரில் 7 பேருக்கு அது நேர்ந்திருந்தது. 1982இல் இது வெளியாயிற்று. சிறுநீரகம் கெடுவதற்குப் பல ஆண்டு முன்பே நீர் அதைச் சொல்லிவிடுகிறது என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. வாசகர்கள் ஒன்றைக் கருதவேண்டும். இந்த உண்மையைத் தந்தது கருவி மட்டுமன்று. பதினான்கு ஆண்டு யாரோ பத்திரப்படுத்திய பழைய ஏடு அதில் பாதியைத் தந்தது.

காரணத்தையும் சுருங்கச் சொல்வோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை அவை வடிக்கின்றன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அவ்வடிகட்டிகளை நைந்துபோகச் செய்யும்போது ஆல்புமின் கசிகிறது. அப்போது வலி இல்லை, வீக்கம் இல்லை. மீந்த வடிகட்டிகள் சுமையை ஏற்றுக்கொள்வதால், வேலைத்திறன் ஏறக்குறையப் பாதி குறையும் வரை இரத்தத்தில் கிரியாட்டினின் எல்லை கடந்து உயராமல் இருக்கக்கூடும். அதனால்தான் நீரை ஆண்டுதோறும் கேட்கவேண்டியிருக்கிறது. நீர் சில வேளை அடர்ந்தும் சில வேளை நீர்த்தும் வருமாகையால், ஆல்புமினைச் சிறுநீரிலுள்ள கிரியாட்டினினோடு ஒப்பிட்டு விகிதமாகக் கூறுகின்றனர். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் கடுமை. ஒருமுறை மிகுந்தது என்பதற்காக நாட்பட்ட நோய் என்று முடிவு கட்டுவதில்லை. மூன்று மாதத்துக்கு மேலும் நீடித்தால்தான் அப்பெயர். ஒரு சாட்சியைக் கொண்டு தீர்ப்பு எழுதாத காழியின் நிதானம் இது.

இவையெல்லாம் பெருநகர மருத்துவமனைகளுக்கு உரியவை, நம் கிராமங்களுக்கு ஆகாதவை என எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் எம்.கே. மணி நிறுவிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990களின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரக் கிராமங்களில் ஏறத்தாழ 25,000 பேரை எடுத்துக்கொண்டது. அவ்வூர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து வீடுவீடாக அனுப்பிற்று. அவர்கள் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டுச் சிறுநீர் கலங்குகிறதா என்று புரதத்தைப் பார்த்தனர். பெனடிக்ட் கரைசலால் சர்க்கரையைப் பார்த்தனர். இரத்த அழுத்தத்தையும் அளந்தனர். நோய்க்குறி கண்டோருக்கு விலைமலிந்த மருந்துகளே தரப்பட்டன. தலைக்கு ஆண்டுக்கு ஆன செலவு 27 அமெரிக்க செண்டு என 2003இல் மருத்துவ இதழில் மணி எழுதினார். பிறகு திட்டம் அண்டைக் கிராமங்களுக்கும் விரிந்தபோது, புதிய ஊர்களைக் காட்டிலும் ஏற்கெனவே கண்காணித்த ஊர்களில் சிறுநீரகத் திறன் குன்றியோர் குறைவாய் இருக்கக் கண்டனர். அங்கே பயன்பட்டவை ஒரு சொட்டு அமிலமும், மறுபடியும் அதே வாசலுக்கு வந்து நிற்கும் ஒரு பெண்ணும்.

இனி நம் சிவகாசிக்கு வருவோம். இவ்வூர்த் தொழிலின் மூலத்தைத் தேடிப் போனாலும் சிறுநீரே எதிர்ப்படுகிறது. வெடிமருந்தின் உயிர் வெடியுப்பு. முற்காலத்தில் அது தொழுவங்களிலும் குடியிருப்புகளிலும் சிறுநீர் ஊறிய மண்ணிலிருந்து வடித்தெடுக்கப்பட்டது. மருந்தியல் அறிஞர் இப்னுல் பைத்தார் (மறைவு: கி.பி. 1248) இதைச் 'சீனப் பனி' என்று குறிக்கிறார். அதே நூற்றாண்டில் ஷாம் தேசத்து ஹஸன் அர்-ரம்மாஹ் அதைத் தூய்மைப்படுத்தும் முறையை எழுதினார். தீப்பெட்டியின் பக்கத்தில் பூசப்படும் பாஸ்பரஸோ, 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்னும் இரசவாதி சிறுநீரைக் காய்ச்சித் தங்கம் தேடியபோது கிடைத்தது. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் அதைத் தொடங்கினர். பட்டாசுத் தொழில் அதைத் தொடர்ந்தது. மழை குன்றிய வறண்ட வெயில் பூமி என்பதே இத்தொழில் இங்கே தழைக்கக் காரணம்.

பட்டாசைக் காயவைக்கும் அதே வெயில் தொழிலாளியின் உடலையும் காய்ச்சுகிறது. வியர்வை மிகுந்து தண்ணீர் குறைந்த உடலில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. கழிப்பிட வசதி போதாத வேலையிடங்களில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்வது எங்கும் காண்பதே. உடல்வலிக்கு விழுங்கும் வலி மாத்திரைகள் அந்நிலையில் மேலும் தீங்கு செய்யும். 'மருந்து' என்று இங்கு வழங்கும் கலவைகளைப் பற்றியும் கவலை உண்டு. ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஆகியவற்றைப் பட்டாசில் சேர்க்கலாகாது என 2017இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2018இல் பேரியம் உப்புகளுக்கும் தடை வந்தது. இவற்றுள் ஈயமும் பாதரசமும் சிறுநீரகத்துக்குப் பகை என்பது நெடுங்காலமாய் அறிந்தது. ஆலைத் தொழிலாளரின் நீரைப் பார்த்து அவர்தம் ஆபத்தை அறியும் வழியை ஸ்வீடன் காட்டியது. அங்கே பேட்டரி ஆலையில் காட்மியத்தூள் சுவாசித்தவர்களின் நீரில் புரதம் இறங்குவதை லார்ஸ் ஃப்ரிபெர்க் 1950இல் நிறுவினார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இலங்கையின் அனுராதபுரப் பகுதி உழவரிடமும் மத்திய அமெரிக்கக் கரும்புத் தொழிலாளரிடமும் காணப்பட்ட சிறுநீரக நோயில், தொடக்கத்தில் ஆல்புமின் மிகக் குறைவாகவே கசிகிறது. வெயிலில் உழைப்போர் சிறுநீர்ப் பட்டையின் நிறத்தை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. இரத்தத்தில் கிரியாட்டினினையும் உடன் பார்க்கவேண்டும். ஒரு சாட்சி பேசாத இடத்தில் மற்றொரு சாட்சியை அழைப்பதே முறை.

வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசு 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும், 2023இல் சிறுநீரகம் பாதுகாப்போம் திட்டத்தையும் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் ஆல்புமினைப் பார்க்க வழி செய்தது. விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோர், குடும்பத்தில் சிறுநீரக நோய் கண்டோர், கடும் வெயிலில் உழைப்போர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்துக்கொள்ளலாம். குறை தென்பட்டால் மூன்று மாதத்துக்குள் மறுமுறை பார்த்து உறுதி செய்யலாம். உரிய காலத்தில் தொடங்கினால், இரத்த அழுத்தத்தைத் தணித்துப் புரதக் கசிவையும் குறைக்கும் மருந்துகள் சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைக்கின்றன. 1993இல் கேப்டோபிரில் ஆய்வு நீரிழிவுக்காரரிடம் அதைக் காட்டிவிட்டது.

எஞ்சி நிற்பது நம் பங்கு. விருதுநகர் வணிகர் ஊர். பருப்பும் வற்றலும் எண்ணெயும் ஏறி இறங்கும் அச்சந்தையில், அன்றன்றைய வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றாமல் கடையடைக்கும் வியாபாரி இல்லை. சரக்கின் விலைக்கு உள்ள மதிப்பு உடலின் கணக்குக்கு இல்லாமற்போனது ஏன்? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனம் என்பதை நாம் அறிவோம். உடல் இறைவன் தந்த அமானிதம் என்று மேடைதோறும் பேசுகிறோம். அமானிதத்துக்குக் கணக்கு வேண்டாமா?

அந்தப் பெரியவரின் மகன், என் மாணவர், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறார். தேதி, காலை நீரில் ஆல்புமின், கிரியாட்டினின், இரத்த அழுத்தம், சர்க்கரை என ஐந்து கட்டங்கள் கோடிட்டு, முதல் வரியில் தம் கணக்கையும் இரண்டாம் வரியில் தம் தாயாரின் கணக்கையும் ஏற்றியிருக்கிறார். தாயாருக்கு ஆல்புமின் எச்சரிக்கை அளவைச் சற்றே தாண்டியிருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க நாள் குறித்திருக்கிறார்கள். அந்த நாளுக்கு நேரே இருக்கும் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. வல்ல நாயன் நலமே நாடுவானாக.